கப்பலின் அடிப்பக்கம்

சித்தியின் மகனுக்குக் கப்பல் என்றால் உயிர். கப்பலின் அடிப்பக்கம் என்றால் ஆகாது. வெள்ளவத்தையில் அவர்கள் குடியிருந்த ஒழுங்கை காலி வீதியில் தொடங்கி ரயில் பாதையில் போய் முடியும். பாதைக்கு அப்பால் கறுத்த பாறாங்கற்கள், அதற்கும் அப்பால் கடல். துறைமுகத்துக்குள் போக முறை பார்த்து நிற்கும் கப்பல்கள் பொழுதுபடும் நேரம் விளக்குப் போடுவதைப் பார்க்க என்னையும் இழுத்துக்கொண்டு போவான். எது எண்ணெய்க் கப்பல், எது கொள்கலன் கப்பல் என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவான். அதே பிள்ளைக்கு, நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிற சிவப்புப் பூச்சையும் வயிற்று வளைவையும் சுக்கானையும் புரப்பெல்லரையும் ஒரு படத்தில் காட்டினால் போதும், உள்ளங்கை வேர்த்து முகம் வெளிறிவிடும். உண்மையான கப்பலின் அடியை அவன் கண்டதேயில்லை. பயம் எங்கிருந்து வந்தது என்று அவனுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

எங்கள் வீடு கொட்டாஞ்சேனையில், போன்ஜீன் வீதிப் பக்கம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் கிளாக்கர் வேலை. வருஷம் பிறந்தால் கப்பல் கம்பனிக் கலண்டர்கள் சுருள் சுருளாக வந்து சேரும். ஒரு வருஷம் சாப்பாட்டு மேசைக்கு நேரெதிரே தொங்கிய கலண்டரில் மார்ச் மாதத்துக்குரிய படம், டொக்கில் தண்ணீரை இறைத்துவிட்டு முட்டுக்கொடுத்து நிறுத்திய ஒரு கப்பல். கமராவைத் தரையில் வைத்து மேல்நோக்கி எடுத்திருந்தார்கள். புரப்பெல்லருக்குக் கீழே மஞ்சள் தொப்பி போட்ட இரண்டு மனிதர்கள் கட்டைவிரல் அளவில் நின்றார்கள். எங்களிடம் வந்திருந்த தம்பி, அந்தச் சித்தி மகன்தான், சோற்றுக் கோப்பையோடு எழும்பி, குசினிக்குள் போய் நின்றபடி சாப்பிட்டான். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. பின்னேரம் பார்த்தால் கலண்டர் ஏப்ரலுக்குப் போயிருந்தது. அந்த மார்ச் முழுக்க வீட்டில் எல்லாருக்கும் கிழமை பிழைத்தது. அப்பாச்சி ஒரு செவ்வாய்க்கிழமையை வெள்ளி என்று எண்ணி மச்சம் விலக்கினார். அப்பா முணுமுணுத்தபோது அம்மா சொன்ன பதில் இவ்வளவுதான்: “பிள்ளை சாப்பிட வந்த இடத்தில சாப்பிடட்டும்.”

எல்லாரும் அம்மா மாதிரி இல்லை. அந்த யுத்த காலத்துக் கொழும்புத் தமிழ் வீடுகளில் பயத்துக்கா பஞ்சம்? பொலிஸ் பதிவு, அடையாள அட்டை, நடுச்சாமத்துத் தேடுதல். 1996 ஜனவரியில் மத்திய வங்கிக் குண்டு, ஏப்ரலில் துறைமுகத் தாக்குதல். அப்பா வேலைக்குப் போய்த் திரும்பி வரும்வரை அம்மா வாசலில் நிற்பார். இவ்வளவுக்கும் நடுவில் ஒரு பெடியன் படத்தைப் பார்த்துப் பயப்படுகிறான் என்றால் யார் காதில் ஏறும்? உறவுக்காரர் ஒருவர், பயம் தெளிய வேண்டுமென்று அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்து, கப்பல் படத்துக்கு நேரே வைத்து அமுக்கினார். தெளியவில்லை. அவர் வீட்டுக்குப் போவதை அவன் நிறுத்தியதுதான் மிச்சம்.

வெள்ளவத்தைக்கு நான் சனிக்கிழமைகளில் ரியூசனுக்குப் போவேன். வகுப்பு முடிந்ததும் தம்பியையும் கூட்டிக்கொண்டு கேம் கடைக்கு. கடை என்றால், ஒரு வீட்டின் முன் விறாந்தையைப் பலகையால் அடைத்து, பழைய கொம்பியூட்டர்கள் சிலவற்றை வரிசையாக வைத்திருந்த இடம். மணிக்கு முப்பது நாற்பது ரூபா. ஒரு மேசை விசிறி, அதுவும் பெடியளுக்கு இல்லை, மெஷினுக்கு. கடைக்கார அண்ணை யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்; ஏ.எல். கணிதம் படித்து, பல்கலைக்கழகத்துக்குப் போக வாய்க்காதவர். அதிகம் கதைக்க மாட்டார். எங்களுக்கு அவர் ஒரு மந்திரவாதி.

‘டூம் ரெய்டர்’ இரண்டாம் பாகம் 1997 இல் வந்தது. எங்கள் கேம் கடைக்கு வந்து சேர இன்னும் ஒன்றிரண்டு வருஷம் பிடித்தது. லாரா குரொஃப்ட் சீனப் பெருஞ்சுவரில் தொடங்கி, வெனிஸ் போய், நடுக்கடல் எண்ணெய் மேடை ஒன்றில் சண்டை பிடிப்பாள். அதுவரை தம்பிதான் எங்கள் கூட்டத்திலேயே முன்னுக்கு நின்றான். அதற்குப் பிறகு வருவது ‘ஃபோர்ட்டி ஃபாதம்ஸ்’, நாற்பது பாக ஆழம். லாரா கடலடித் தரையில் தனியே விடப்படுகிறாள். மேலே போக வழியில்லை. மூச்சுக்கான நீலக்கோடு குறைந்துகொண்டே வரும். சுறா சுற்றும். தரையில் சிதறிக் கிடக்கும் சாமான்களைப் பின்பற்றி நீந்தினால், மங்கிய நீலத்துக்குள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உருத்திரண்டு வருகிறது கவிழ்ந்து கிடக்கும் ஒரு பெரிய பயணிகள் கப்பல். பெயர் ‘மரியா டோரியா’. அடுத்த சில லெவல்களும் அந்தக் கப்பலில்தான்.

தம்பி கதிரையைத் தள்ளிவிட்டு வெளியே போனான். நான் பின்னால் போனபோது காலி வீதி ஓரத்தில் நின்று சத்தி எடுத்துக்கொண்டிருந்தான். கடைக்குள் பெடியள் சிரித்தார்கள்.

அந்த கேமில் ஒரு கள்ளவழி இருந்தது, பெடியள் எல்லாருக்கும் தெரியும். தீச்சுடர் ஒன்றைக் கொளுத்தி, ஓரடி முன்னே வைத்து, ஓரடி பின்னே வைத்து, நின்ற இடத்திலேயே மூன்று சுற்றுச் சுற்றி, முன்னோக்கிப் பாய்ந்தால் அந்த லெவல் முடிந்ததாகக் கணக்கு. நேர்த்திக்கடன் செய்வதுபோல எல்லாரும் அதைச் செய்து பார்த்திருக்கிறோம். ஆனால் அதற்குத் தரையில் நடக்க வேண்டும். கடலுக்கடியில் லாரா நடக்க மாட்டாள், நீந்துவாள். ஆக, தம்பிக்கு வேண்டிய இடத்தில் மட்டும் அந்த வழி அடைபட்டிருந்தது.

அடுத்த சனிக்கிழமை அண்ணை மேசை இலாச்சியிலிருந்து ஒரு ஃபுளொப்பியை எடுத்து அவன் முன்னால் வைத்தார். வேறொரு பெடியன் கப்பல் லெவல்கள் முழுவதையும் முடித்து, திபெத் மலையடிவாரத்தில் சேவ் செய்து வைத்திருந்த ஃபைலை அதில் கொப்பி பண்ணியிருந்தார். தம்பி எண்ணெய் மேடையிலிருந்து நேரே பனிமலைக்குப் போனான். “கள்ளவேலை” என்று ஒருவன் கத்தினான். அண்ணை திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: “உனக்குச் சிலந்தி எண்டா நடுக்கம். பின்னுக்குச் சீனக் கோயிலுக்குள்ள ஆளளவு சிலந்தி வரும். அதுக்கும் நான் ஒரு ஃபுளொப்பி வைச்சிருக்கிறன். வேணுமோ, வேண்டாமோ?” சத்தம் அடங்கியது. ஏன் பயம், எப்போதிருந்து பயம் என்று அவர் தம்பியிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

இன்று பெரிய கேம் நிறுவனங்கள் விளையாடுபவரின் பயத்துக்கு வழி செய்வதைப் பார்க்கும்போது, அண்ணையின் மேசை இலாச்சி எனக்கு நினைவுக்கு வரும். கேம் பரிசோதிப்பதுதான் பல வருஷமாக எனக்குச் சோறு போடுகிறது. இந்த விஷயத்தில் எது உருப்படி, எது கண்துடைப்பு என்று கொஞ்சம் தெரியும்.

ஆரம்பித்து வைத்தவர்கள் விளையாடியவர்களே. 2011 இல் வந்த ‘ஸ்கைரிம்’ கேமின் குகைகளில் பெரும் சிலந்திகள் தொங்கும். அவற்றைப் பார்க்க முடியாத யாரோ, சிலந்திகளைக் கரடிகளாக மாற்றும் ஒரு சேர்க்கையைச் செய்து எல்லாருக்கும் கொடுத்தார்கள். கூரையிலிருந்து நூல் பிடித்து இறங்குகிற கரடி பார்க்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் விளையாட்டு நின்றுபோகவில்லை. பிறகு தயாரிப்பவர்களே விழித்துக்கொண்டார்கள். 2019 இல் வெளிவரத் தொடங்கிய ‘சட்டிஸ்ஃபாக்டரி’யில் ஒரு பொத்தானைத் தட்டினால் சிலந்தி நின்ற இடத்தில் பூனைப் படம் பாய்ந்து வரும். 2023 இன் ‘லீதல் கொம்பனி’யில் சிலந்தி இருக்கவேண்டிய இடத்தில் ‘சிலந்தி’ என்ற ஆங்கில எழுத்துகளே ஊர்ந்து வரும். ‘வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்’ 2024 இல் சிலந்தியை நண்டாக்கியது. நண்டு எங்கள் ஆட்களுக்குப் பயம் தராது, பசிதான் தரும்.

என் கணக்கில் இவற்றில் எல்லாம் சிறந்தது ‘கிரவுண்டட்’. எறும்பளவு சுருங்கிய பிள்ளைகள் ஒரு வீட்டுக் கொல்லைப்புறத்தில் உயிர்தப்பும் கதை. ஒப்சிடியன் நிறுவனம் 2020 ஜூலையில் முதல் வடிவத்தை விட்டது. அதிலிருப்பது போடு, நிறுத்து என்ற சுவிட்ச் அல்ல, நகர்த்தும் கோல். ஒரு படி நகர்த்தினால் சிலந்தியின் கால்கள் குறையும். இன்னும் நகர்த்தினால் வாயும் பல்லும் போகும். கடைசிப் படியில் மிதந்து வருகிற உருண்டைகள் மட்டும் மிஞ்சும். ஒருவருக்குக் கால்களின் அசைவு ஆகாது, இன்னொருவருக்கு மயிர் ஆகாது, வேறொருவருக்குக் கண்கள். எவ்வளவு என்பதை விளையாடுகிறவரே தீர்மானிக்கிறார். பயத்துக்கு வைத்தியம் செய்பவர்களும் 1950களில் ஜோசப் வோல்ப் வகுத்த காலத்திலிருந்து இப்படித்தான் போகிறார்கள்: தாங்கக்கூடிய சிறு படியில் தொடங்கி, ஆள் சம்மதித்த பிறகே அடுத்த படி. தலையைப் பிடித்து அமுக்கிய எங்கள் உறவுக்காரருக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். அவர் இப்போது இல்லை.

ஆனால் கவனித்தீர்களா, எல்லாமே சிலந்தி. சிலந்திக்குப் பயப்படுபவர்கள் அதிகம், அதனால் அவர்களுக்குக் குரல் இருக்கிறது. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் வகைப்பாட்டு நூல் இத்தகைய பயங்களை ஐந்தாகப் பிரிக்கிறது: விலங்கு, இயற்கைச் சூழல், இரத்தமும் ஊசியும், லிஃப்ட் விமானம் போன்ற இடங்கள், ஐந்தாவதாக ‘மற்றவை’. தம்பியின் கப்பல் அந்த ‘மற்றவை’ என்ற கூடைக்குள் கிடக்கிறது. மூழ்கிய இயந்திரங்களைக் கண்டு உறைகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்பதே அவன் கனடா போய், முப்பது வயதைத் தொட்ட பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது.

2021 மே மாதம் ‘எக்ஸ்பிரஸ் பேர்ள்’ கப்பல் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றி, ஜூன் 2 ஆம் திகதி மூழ்கத் தொடங்கியது. கரையெல்லாம் பிளாஸ்டிக் மணிகள். பத்திரிகையைத் திறந்தால், தொலைபேசியைத் திறந்தால், பாதி மூழ்கிய இரும்பு. எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் மட்டும் ஒரு படமும் வரவில்லை. புதிதாகக் கலியாணம் கட்டி வந்த மருமகள் ஒன்றைப் போட்டார். சித்தி உடனே அழைத்து அழிக்கச் சொன்னார். செய்திக்குப் பொத்தான் கிடையாது. வீட்டுக்குள் ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

2023 ஏப்ரலில் ஒருநாள் தம்பி ஸ்காபரோவிலிருந்து கோல் எடுத்தான். குரலில் அப்படியொரு துள்ளல். “அண்ணா, ஹொரைசன்ல கடல் பயத்துக்கு ஒரு செட்டிங் விட்டிருக்கிறாங்கள்!” உண்மைதான். நெதர்லாந்தின் கெரில்லா நிறுவனம் ‘ஹொரைசன் ஃபோர்பிடன் வெஸ்ட்’ கேமுக்கு விட்ட புதுப்பிப்பில் அது வந்திருந்தது. ஆழ்கடல் பயம் உள்ளவர்களுக்காகத் தண்ணீருக்கடியில் வெளிச்சத்தைக் கூட்டும், மூச்சு தீராமல் வைக்கும். சிலந்தியைத் தாண்டி இன்னொரு பயத்தை ஒரு பெரிய நிறுவனம் பெயர் சொல்லி மதித்தது எனக்கும் பெரிய விஷயமாகப் பட்டது.

இரண்டு கிழமைக்குப் பிறகு நானே கேட்டேன். துள்ளல் போயிருந்தது. அந்தக் கதையில் லாஸ் வேகாஸ் நகரம் தண்ணீருக்கடியில் கிடக்கிறது. இருட்டுக்கும் ஆழத்துக்கும் பயப்படுகிறவருக்கு வெளிச்சம் கூடினால் ஆறுதல். இவனுக்கோ பயம் ஆழத்தில் இல்லை, ஆழத்தில் கிடக்கும் மனிதர் கட்டிய பொருளில். வெளிச்சம் கூடக் கூட அது துல்லியமாகத் தெரிந்தது. “நல்லாத்தான் செய்திருக்கிறாங்கள், எனக்குத்தான் அது மறுவளம்” என்றான். குறை சொல்லவில்லை. மனைவியிடம் கட்டுப்பாட்டுக் கருவியைக் கொடுத்து, அந்தப் பகுதியை அவர் விளையாடி முடிக்கும்வரை குசினிக்குள் தேத்தண்ணி போட்டுக்கொண்டு நின்றானாம்.

என் வேலையிடத்திலும் ஒரு கதை உண்டு. பிள்ளைகளுக்கான ஒரு மொபைல் கேம். பவளப்பாறைகளுக்கு இடையில் மீன் பிடிக்க வேண்டும். கூட வேலை செய்த தங்கச்சி ஒருவர் இரண்டாம் கட்டத்துக்கு வந்ததும் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிடுவார். வேலைக்குக் கள்ளம் என்று மேலதிகாரி நினைத்தார். ஒருநாள் சாப்பாட்டு நேரம் வெள்ளவத்தைக் கடையொன்றில் அப்பம் வாங்கினோம். அவர் ஓரத்து முறுகலை மட்டும் கிள்ளிச் சாப்பிட்டு, நடுவில் குமிழி வெடித்து ஓட்டை ஓட்டையாக இருந்த வெள்ளைப் பகுதியைக் கடதாசியால் மூடினார். சின்னச் சின்னத் துளைகள் நெருங்கி இருந்தால் கழுத்து மயிர் குத்திட்டு நிற்கும், வயிற்றைப் புரட்டும் என்று மெதுவாகச் சொன்னார். கோயில் வாசலில் தாமரைக் காய் வைத்திருந்தால் வேறு வாசலால் போவாராம். இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப் கோல், ஆர்னோல்ட் வில்கின்ஸ் என்ற இருவர் 2013 இல் இதைப் பற்றி ஒரு ஆய்வே வெளியிட்டிருக்கிறார்கள். அவர்கள் காட்டிய முக்கிய உதாரணங்களில் ஒன்று அதே தாமரைக் காய்.

பவளத்தின் மேற்பரப்புப் படத்தை, துளைகளுக்குப் பதிலாகக் கோடுகள் உள்ளதாக மாற்றினோம். வடிவமைப்பாளருக்கு ஒரு பின்னேர வேலை. மீன் பிடிக்கும் கணக்கு, மோதல் எல்லைகள், வேகம் எதையும் தொடவில்லை. இந்த வேலையின் சூட்சுமம் அதுதான்: தோற்றத்தை மாற்றலாம், உள்ளே ஓடும் விதி அப்படியே இருக்கும். ஆனால் முழுதும் மாற்றியாயிற்று என்று நாங்கள் சொன்ன பிறகும், கேம் திறக்கும்போது வரும் படத்தில் பழைய பவளம் இருந்தது. கேமைத் தரவிறக்கும் பக்கத்து விளம்பரப் படத்திலும் இருந்தது. பெரிய நிறுவனங்களும் இந்த இடத்தில்தான் வழுக்குகின்றன; சிலந்தியை எடுத்துவிட்டு, அதன் கால் உரசும் சத்தத்தை விட்டுவிடுவார்கள்.

கலையைக் கெடுக்கிறார்கள் என்று ஒரு முறைப்பாடு எப்போதும் வரும். விருப்பமில்லாதவர் அந்தப் பொத்தானைத் தொடாமல் விடட்டும். அவருடைய சிலந்திக்கு எட்டுக் காலும் பத்திரமாக இருக்கும். அதைவிடக் கனமான கேள்வி, உலகத்தில் உள்ள ஒவ்வொரு பயத்துக்கும் ஒரு பொத்தான் வைக்க எந்த நிறுவனத்தால் முடியும் என்பது. முடியாது. பொம்மைக்குப் பயம், பென்னம்பெரிய சிலைக்குப் பயம், பல்லுக்குப் பயம், பட்டியல் தீராது. திரையில் கண்ணைப் பறிக்கும் பளிச்சொளிக்குக் கணக்கு வைக்கலாம். 1997 டிசம்பர் 16 இல் ‘போக்கிமொன்’ தொடரின் ஒரு அங்கத்தில் வந்த பளிச்சொளியைப் பார்த்து ஜப்பானில் 600க்கும் மேற்பட்ட பிள்ளைகள் வைத்தியசாலைக்குப் போனார்கள். ஒரு விநாடிக்கு மூன்று தடவைக்கு மேல் பளிச்சிடக் கூடாது என்று இப்போது இணையத்துக்கே விதி இருக்கிறது. கப்பலின் அடிப்பக்கத்துக்கு அப்படி ஒரு எண் கிடையாது. அதனால்தான் சிலந்தி செட்டிங்கைவிட அண்ணையின் ஃபுளொப்பி பெரிது என்கிறேன். எந்தப் பயம் என்று முன்கூட்டித் தெரியாமலே, எல்லாப் பயத்துக்கும் அது உதவியது.

2024 பெப்ரவரி 14 இல் பழைய ‘டூம் ரெய்டர்’ மூன்று பாகங்களும் புது மெருகோடு வந்தன. பழைய தோற்றத்துக்கும் புதுத் தோற்றத்துக்கும் இடையில் ஒரு பொத்தானால் மாறலாம். இரண்டிலும் மரியா டோரியா அதே இடத்தில் கவிழ்ந்து கிடக்கிறது. தம்பி வாங்கவில்லை. அண்ணை கடையை மூடிவிட்டு எந்த நாட்டுக்குப் போனார் என்று விசாரித்துப் பார்த்தேன், வெள்ளவத்தையில் இப்போது அவரைத் தெரிந்தவர்கள் குறைவு.

கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் கேம் செய்யப் பழகும் பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால் ஒரு வேண்டுகோள். முதல் வடிவத்தை நாலு பேரிடம் கொடுத்து விளையாட விடும்போது, எப்படி இருந்தது என்பதோடு எதைப் பார்க்க முடியாமல் இருந்தது என்றும் கேளுங்கள். சொல்பவரிடம் காரணம் கேட்க வேண்டாம். ஒரு பின்னேரத்தில் மாற்றக்கூடியது என்றால் மாற்றிவிடுங்கள். மாற்ற முடியாததற்கு, எந்த லெவலிலும் வேலை செய்கிற ஒரு ‘தாண்டு’ பொத்தானை முதல் மெனுவிலேயே வையுங்கள். அதைத் தட்டியவருக்குப் புள்ளியைக் குறைக்காதீர்கள்.